ராத்திரிப் பாலை அப்பா கொடுக்கலாமா?

தம்பி கேட்டிருப்பது சுருக்கமாக இது: குழந்தை பிறந்து 19 நாள். மனைவி காங்கேயம் பக்கம் அவருடைய அம்மா வீட்டில் இருக்கிறார். இவர் திருப்பூரில் வேலை முடித்து தினமும் ராத்திரி அங்கே போய்விடுகிறார். மனைவிக்குத் தூக்கமே இல்லை. தாய்ப்பாலை எடுத்து வைத்தால் ராத்திரி ஒரு வேளையாவது தான் கொடுக்கலாம் என்று நினைக்கிறார். மனைவியின் அம்மிச்சியோ (அம்மாவின் அம்மா), பீய்ச்சி வைத்தால் பால் வற்றிவிடும், வைத்த பால் பிள்ளைக்கு ஆகாது என்று மறுக்கிறார். எப்படி எடுப்பது, எத்தனை நேரம் வைக்கலாம் என்பது கேள்வி. கேட்டது பால் எடுப்பதைப் பற்றி. ஆனால் அவருக்கு வேண்டியது மனைவியை நாலு மணி நேரமாவது சேர்ந்தாற்போல் தூங்க வைப்பது. இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பம்பு வாங்கிவிட்டு, முன்னைவிடத் தூக்கம் குறைந்துபோன வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

நான் ஈரோட்டுப் பக்கம் பிரசவ வார்டில் முப்பது வருஷத்துக்கு மேல் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். கடைசிப் பத்து வருஷம் பால் கொடுப்பதில் சிரமப்படுகிற தாய்மாருக்கு ஆலோசனை சொல்வதே என் முக்கிய வேலை. 1991-இல் என் சின்னவன் பிறந்து மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்பினேன். பதினோரு மணிக்கெல்லாம் மார்பு கல்லாகக் கனக்கும். துணி மாற்றும் அறையில் நின்று தொட்டியில் பீய்ச்சிவிட்டு வருவேன். அதை எடுத்து வைக்கலாம் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நானே செவிலி, எனக்கே தெரியவில்லை. வீட்டில் அவனுக்குத் தண்ணீர் கலந்த மாட்டுப்பால் போய்க்கொண்டிருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு பிசையும். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் உட்கார்ந்து நீளமாக எழுதுவது அதனால்தான்.

முதலில் அம்மிச்சி. அவரை எதிர்த்துப் பேச வேண்டாம், அவருக்குத் தெரிந்த விஷயத்திலிருந்தே தொடங்குங்கள். கட்டுத்தறியில் மாடு வைத்து வளர்ந்தவராகத்தான் இருப்பார். "ஏனுங் அம்மிச்சி, கறக்கற மாடு வத்துமா, கறக்காத வுட்ட மாடு வத்துமா?" என்று நான் கேட்டால் எந்தக் கிழவியும் உடனே சொல்லிவிடுவார்: "கறக்காத வுட்டாத்தான் கண்ணு வத்தும்." தாய்க்கும் அதே கணக்குதான். மார்பு எந்த அளவுக்குக் காலியாகிறதோ அந்த அளவுக்குப் பால் ஊறும். நிறைந்தே கிடந்தால், போதும் என்று மார்பே ஊறுவதைக் குறைத்துக்கொள்ளும். இதில் சந்தேகமே இல்லை. கன்றைக் காட்டினால்தான் மடி சுரப்பு விடும் என்பதும் அவருக்குத் தெரியும். குழந்தையின் அழுகையோ வாசனையோ பட்டதும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் பாலை இறக்குவது அதே மாதிரிதான். மாட்டோடு ஒப்பிடுகிறார்களே என்று அந்த அம்மிணி வருத்தப்பட வேண்டாம். பால் சுரக்கிற உடம்பைப் பற்றி நம் ஊர்ப் பெண்களுக்கு இருக்கும் அறிவு அந்தக் கட்டுத்தறியிலிருந்து வந்தது, அதில் நிறைய உண்மை உண்டு.

ஆனால் அம்மிச்சியின் பயத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதைத் தள்ளிவிடாதீர்கள். குழந்தைக்கு அப்பா ஒரு வேளை கொடுத்துவிட்டு, அந்த வேளைக்கு ஈடாக அன்றைக்குள் வேறு எப்போதும் பால் எடுக்காமல் விட்டால், உடம்பு ஒரு வேளையைக் குறைத்துக்கொள்ளும். முதல் ஆறு வாரத்தில்தான் எவ்வளவு பால் வேண்டும் என்பதை உடம்பு கணக்குப் போட்டுப் பழகுகிறது. அந்த நாட்களில் தினமும் இப்படி விட்டால் வற்றத்தான் செய்யும். பீய்ச்சியதால் வற்றாது, பீய்ச்சாமல் விட்ட வேளையால் வற்றும்.

அடுத்தது, எப்போது தொடங்குவது. தாயும் பிள்ளையும் நலமாக, ஒரே அறையில் இருக்கும்போது மார்பிலேயே கொடுத்துப் பழக்கம் உறுதிப்பட மூன்று, நாலு வாரம் ஆகும். அதுவரை பொறுப்பது நல்லது. பச்சிளம் குழந்தை மார்பைச் சரியாகக் கவ்வக் கற்றுக்கொள்வதும் அந்த நாட்களில்தான். அதற்குள் பாட்டில் காம்பைப் பழக்கினால் மார்பை மறுத்துவிடும் என்று சொல்வார்கள். இதை உறுதியாகச் சொல்ல முடியாது. சில குழந்தைகள் இரண்டையும் தடுமாறாமல் ஏற்கின்றன, சில மறுக்கின்றன. எந்தக் குழந்தை எப்படி என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை என்பதால்தான் பொறுக்கச் சொல்கிறோம். உங்கள் குழந்தைக்கு 19 நாள் ஆகிறது. பிறந்த எடையைத் தாண்டி ஏறியிருந்தால், நாலாவது வாரத்தில் மனைவி பால் எடுத்துப் பழகட்டும், ஒரு மாதம் முடிந்ததும் நீங்கள் கொடுக்கலாம். குறைமாதக் குழந்தை, இன்குபேட்டரில் இருக்கும் குழந்தை, கவ்வ முடியாத குழந்தை என்றால் இந்தப் பேச்சே கிடையாது. அங்கே முதல் சில மணி நேரத்திலேயே பீய்ச்சத் தொடங்கி, ஒரு நாளைக்கு எட்டு முறையாவது எடுக்க வேண்டும்.

இப்போது தூக்கத்துக்கு வருகிறேன். வழக்கமாக நடக்கும் தப்பு இது: நடுராத்திரி இரண்டு மணிப் பாலைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறேன் என்று கணவர் சொல்வார். இரண்டு மணிக்குக் குழந்தை அழும். அழுகை கேட்டதும் தாய்க்குப் பால் இறங்கி ரவிக்கை நனையும். அவளும் எழுந்து உட்கார்ந்து பம்பு வைத்து எடுப்பாள், பிறகு அதைக் கழுவுவாள். ஒருத்தி விழித்திருந்த இடத்தில் இப்போது இரண்டு பேர் விழித்திருக்கிறார்கள். அதற்குப் பதிலாக ராத்திரியின் முன்பகுதியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது மணிக்கு அவர் பால் கொடுத்துவிட்டுப் பக்கத்து அறையில் போய்ப் படுக்கட்டும். பதினொன்றரை, பன்னிரண்டுக்குக் குழந்தை எழுந்தால், எடுத்து வைத்த பாலை நீங்கள் கொடுங்கள். அடுத்து இரண்டு, இரண்டரைக்கு அவரிடம் கொண்டுபோங்கள். ஐந்து மணி நேரம் அவருக்குக் கிடைத்துவிடும். அதற்கான பாலை நடுராத்திரியில் எடுக்கத் தேவையில்லை, விடியற்காலையில் எடுக்கலாம். பெரும்பாலான தாய்மாருக்குக் காலையில் மார்பு நிறைந்திருக்கும். குழந்தை முதல் முறை குடித்து முக்கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ கழித்து எடுத்தால், அடுத்த வேளைக்குள் திரும்ப ஊறிவிடும். இடையில் கனத்து வலித்தால், வலி தணியும் அளவுக்கு மட்டும் கையால் கொஞ்சம் பீய்ச்சிவிட்டுத் தூங்கலாம். இரண்டு மணிக்கு மேற்பட்ட வேளைகளை அவருக்கே விடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பால் ஊற வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் ராத்திரியில்தான் அதிகமாக இருக்கும். ராத்திரி முழுவதையும் அவரிடமிருந்து வாங்கிக்கொண்டால் அந்த லாபம் போய்விடும்.

எடுப்பதற்கு முதலில் கையையே பழகச் சொல்வேன். பம்பு பழுதாகலாம், கரண்ட் போகலாம், கை எப்போதும் கூட இருக்கும். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, வெதுவெதுப்பான ஈரத்துணியை மார்பில் சில நிமிடம் வைத்து, மெதுவாக நீவிவிட வேண்டும். கட்டைவிரல் மேலே, மற்ற விரல்கள் கீழே, காம்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் பிடிக்க வேண்டும். முதலில் நெஞ்சுக்கூட்டுப் பக்கமாக உள்ளே அழுத்தி, பிறகு இரண்டு விரல் பக்கத்தையும் சேர்த்து அமுக்கி, விட வேண்டும். அழுத்து, அமுக்கு, விடு. தோலின் மேல் விரலை இழுக்கவோ காம்பைத் திருகவோ கூடாது. வலித்தால் விரல் வைத்த இடம் தப்பு. முதல் ஒன்றிரண்டு நிமிடம் சொட்டாகத்தான் வரும், அதற்குப் பிறகு பீறிடும். ஒரு பக்கம் குறைந்ததும் விரல்களைச் சுற்றி வேறு இடத்தில் வைத்து, பிறகு அடுத்த மார்புக்கு மாறி, மொத்தம் இருபது முப்பது நிமிடம். முதல் நாள் இருபது மில்லி வந்தால் அது நல்ல அளவு. "இவ்வளவுதான் இருக்குதா?" என்று யாராவது கேட்டால் அந்தப் பெண் அன்றோடு விட்டுவிடுவாள், அதனால் அப்படிக் கேட்க யாரையும் விடாதீர்கள். பீய்ச்சி வருகிற அளவை வைத்து மார்பில் எவ்வளவு பால் இருக்கிறது என்று சொல்லவே முடியாது. குழந்தை எடுக்கிற மாதிரி கையோ பம்போ எடுக்காது.

பம்பு வாங்கினால், மார்பில் வைக்கும் புனலின் அளவுதான் முக்கியம். காம்பு ஓரங்களில் உராயாமல் உள்ளே போய்வர வேண்டும். விசையைக் கூட்டினால் பால் கூடாது, புண்தான் ஆகும். இன்னொருவர் பயன்படுத்திய பம்பை வாங்காதீர்கள். குழாய்க்குள் போன பாலைக் கழுவி எடுக்க முடியாது. கழுவுவதற்குத் தனிப் பாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள், பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் போட வேண்டாம். சோப்பில் கழுவி, தினம் ஒரு முறை கொதிக்கிற தண்ணீரில் முழுக்க மூழ்கவிட்டு ஐந்து நிமிடம் கொதிக்க வையுங்கள். பிறகு துணியால் துடைக்காமல் தானாக உலர விடுங்கள். காங்கேயம் பக்கம் போர் தண்ணியாக இருந்தால் கொதித்தபின் வெள்ளையாக உப்புப் படியும். அந்தப் படிவு குழந்தைக்குத் தீங்கு செய்யாது, ஆனால் அதன் இடுக்கில் பால் தங்கும். ஆற்றுத் தண்ணீர் வருகிற நாளில் பிடித்துவைத்து இதற்கென்று ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

வைக்கும் நேரத்தில் புத்தகத்துக்குப் புத்தகம் கணக்கு மாறும், அதனால்தான் குழப்பம். 25 டிகிரி வரை உள்ள அறையில் நாலு மணி நேரம், ஃப்ரிட்ஜில் நாலு நாள் என்பது அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் சொல்லும் கணக்கு. நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் பலர் ஃப்ரிட்ஜுக்கு ஒரு நாள் என்றுதான் சொல்வார்கள். பாலின் தன்மை எங்கும் ஒன்றுதான், ஃப்ரிட்ஜும் கரண்டும் கை சுத்தமும்தான் வேறு. கொங்கு நாட்டில் மாசி முடிந்தாலே பகலில் 35 டிகிரியைத் தாண்டும், சித்திரையில் ஈரோடும் கரூரும் எப்படிக் காயும் என்று உங்களுக்கே தெரியும். அந்த வெயிலில் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள், எடுத்த உடனே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள் என்பது என் கட்டுப்பாடு. இது ஆராய்ச்சி முடிவு கிடையாது, என் எச்சரிக்கை. காலையில் எடுத்ததை அன்று ராத்திரியே கொடுக்கப்போகிற உங்களுக்கு நாலு நாள் கணக்கே தேவைப்படாது. மூடியுள்ள சின்ன ஸ்டீல் டப்பாவோ கண்ணாடிப் புட்டியோ போதும். மாவுப் பாத்திரமும் கறியும் இருக்கும் தட்டில் வைக்காமல், மேல் தட்டில் பின்பக்கமாக வையுங்கள். கதவில் வைத்தால் திறக்கும்போதெல்லாம் சூடு படும். நேரத்தை ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். ராத்திரி இரண்டு பேருக்கும் ஞாபகம் இருக்காது. கரண்ட் போனால் ஃப்ரிட்ஜைத் திறக்காதீர்கள். ஐஸ் கட்டிகளோடு நல்ல ஐஸ் பெட்டியில் வைத்தால் ஒரு நாள் தாங்கும்.

வைத்த பால் மேலே ஆடை மாதிரி கொழுப்பும் அடியில் தண்ணீருமாகப் பிரிந்து நிற்கும். இதைப் பார்த்துத் திரிந்துவிட்டது என்று கொட்டிய வீடுகள் அனேகம். மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். அடுப்பில் வைக்காதீர்கள், மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். அது ஒரே பாலில் ஓரிடத்தைக் கொதிக்கவும் ஓரிடத்தைக் குளிரவும் வைக்கும், குழந்தையின் வாய் வெந்துவிடும். வெந்நீர் ஊற்றிய கிண்ணத்தில் டப்பாவை வைத்து, வெதுவெதுப்பானதும் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். குழந்தை குடித்து மிச்சம் வைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்கலாம், அதற்கு மேல் கூடாது. அந்த மிச்சத்தைச் செடிக்கு ஊற்றட்டும், அம்மிச்சிக்கும் மனசு ஆறும்.

எதில் கொடுப்பது என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. சீரில் வந்த வெள்ளிச் சங்கோ, மருந்துக்கடையில் கிடைக்கிற ஸ்டீல் பாலாடையோ போதும், பாட்டில் வேண்டாம். நம் நாட்டில் பால் பாட்டிலுக்கும் மாவுப்பாலுக்கும் விளம்பரம் செய்யவே 1992-ஆம் வருஷச் சட்டம் தடை போட்டிருக்கிறது, 2003-இல் அதை இன்னும் இறுக்கினார்கள். காம்பு இடுக்கில் தங்கும் அழுக்கினால் வந்த வயிற்றுப்போக்கை எங்கள் வார்டில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆனால் சங்கில் கொடுக்கும் நம் ஊர்ப் பழக்கத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது. குழந்தையை மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, அழும்போது வாய் திறந்ததும் ஊற்றிவிடுவது. மூச்சில் பால் ஏறி நீலம் பாரித்த குழந்தைகளைக் கையில் வாங்கியவள் நான். குழந்தை முழித்து, அழாமல் இருக்கும்போது, கிட்டத்தட்ட உட்கார்ந்த நிலையில், தலையையும் கழுத்தையும் உங்கள் கையில் தாங்கிப் பிடியுங்கள். சங்கின் நுனியைக் கீழுதட்டின் மேல் வையுங்கள், பால் உதட்டைத் தொட்டு நிற்கட்டும். குழந்தையே நாக்கை நீட்டி உறிஞ்சும். நீங்கள் ஊற்றக் கூடாது, அது எடுக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் நிறுத்தட்டும், முகத்தைத் திருப்பினால் முடிந்தது. அளவு: ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 150 மில்லி. மூன்றரைக் கிலோ குழந்தைக்கு நாளுக்கு ஐந்நூறு மில்லி சொச்சம், எட்டுப் பத்து வேளையாகப் பிரித்தால் வேளைக்கு ஐம்பது அறுபது. ஒவ்வொரு வேளையும் ஒரே மாதிரி இருக்காது. அந்தச் சங்கிலேயே உரை மருந்து, தேன், சர்க்கரைத் தண்ணி என்று வேறு எதுவும் போக வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான்.

பால் ஊற என்ன சாப்பிடுவது என்று அடுத்துக் கேட்பீர்கள். பூண்டு, பால்சுறா, முருங்கைக்கீரை எல்லாம் நல்ல உணவு, தாராளமாகச் சாப்பிடட்டும். அவற்றால் பால் கூடும் என்பதற்கு உறுதியான ஆதாரம் மிகக் குறைவு. தாகத்துக்குத் தண்ணி கொடுக்காமல் பத்தியம் காப்பது மட்டும் கண்டிப்பாகத் தப்பு, அதை நிறுத்துங்கள்.

ஒரு மாதம் ஆகும்வரை சும்மா இருக்கவா என்று நினைக்காதீர்கள். தூக்கத்தைக் கெடுப்பதில் பால் கொடுப்பது பாதி, அதைச் சுற்றியுள்ள வேலை பாதி. குழந்தை முனகும்போதே நீங்கள் எழுந்து, துணி மாற்றி, அவர் பக்கத்தில் கொண்டுவந்து விடுங்கள். அவர் படுத்தபடியே கொடுக்கட்டும். குடித்ததும் நீங்கள் வாங்கித் தோளில் போட்டுத் தட்டி, ஏப்பம் விட வைத்துப் படுக்க வையுங்கள். ஆபரேஷன் பிரசவம் என்றால் அவர் எழுந்து குனியாமல் இருப்பதே பெரிய உதவி. வேலையிலிருந்து வந்ததும் குளித்துவிட்டு, சட்டையில்லாமல் குழந்தையை நெஞ்சோடு அணைத்து ஒரு மணி நேரம் உட்காருங்கள். பிறகு நீங்கள் சங்கை நீட்டும்போது குழந்தை உங்களை அடையாளம் கண்டுகொள்ளும்.

தாயையும் பிள்ளையையும் பார்க்காமல் எழுதுகிறேன், அதனால் இவ்வளவும் இருவரும் நலமாக இருந்தால் மட்டும்தான். ஒரு நாளைக்கு ஆறு முறைக்குக் குறைவாகச் சிறுநீர் போவது, பால் குடிக்க எழாமல் சோர்ந்து தூங்குவது, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள், 38 டிகிரி காய்ச்சல், இவற்றில் எது வந்தாலும் குழந்தையை அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மனைவிக்கு மார்பில் ஒரு பக்கம் சிவந்து, பால் கட்டி, குளிர் காய்ச்சல் வந்தால் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம், கட்டியைப் போட்டு அழுத்தித் தேய்க்கவும் வேண்டாம். குளிர்ந்த துணி வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். மனைவி இரண்டு வாரத்துக்கு மேல் காரணமில்லாமல் அழுதுகொண்டே இருந்தாலோ, குழந்தை தூங்கும்போதும் அவருக்குத் தூக்கம் வராவிட்டாலோ அதுவும் மருத்துவம் பார்க்க வேண்டிய விஷயம்தான். நடுராத்திரி யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் 104-க்குக் கூப்பிடுங்கள்.

இந்த வாரம் கிராம செவிலியர் வரும்போது குழந்தையின் எடையைப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு இருபது முப்பது கிராம் ஏறியிருந்தால் மேலே சொன்னபடி தொடங்கலாம். ஏறவில்லை என்றால் பால் எடுத்து வைக்கும் யோசனையைத் தள்ளிவைத்து, பிறந்த எடையையும் இப்போதைய எடையையும் இங்கே எழுதுங்கள், குழந்தை கவ்வுகிற விதத்திலிருந்து பார்ப்போம்.